பூச்சியைப் புரதமாகப் பார்ப்பதா, சுவையாகப் பார்ப்பதா?

தும்பி எழுதியது:

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 2013 இல் உண்ணத்தக்க பூச்சிகளைப் பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்ட நாளிலிருந்து, இந்தப் பொருள் எங்கே எழுந்தாலும் புரதம், நிலம், நீர், பசுங்குடில் வாயு ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. பூச்சியின் சுவை எப்படியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "கொட்டைப் பருப்பைப் போல இருக்கும், பயப்படாதீர்கள்" என்ற ஆறுதல்தான் கிடைக்கிறது.

பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக உண்டுவரும் மக்களிடம் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. மெக்சிகோவில் லியோமெட்டோபம் என்னும் எறும்பின் இளம்புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் 'எஸ்கமோலெஸ்' என்ற பெயரில் வெண்ணெயில் வதக்கிப் பரிமாறுகிறார்கள். அது அங்கே விலை உயர்ந்த விருந்துப் பண்டம். கொலம்பியாவின் சாந்தாந்தேர் பகுதியில், மழைக்குப் பின் கூட்டைவிட்டு வெளியேறும் இலைவெட்டி எறும்பு ராணிகளைப் பிடித்து, சிறகையும் காலையும் நீக்கி, உப்பிட்டு வறுத்து உண்கிறார்கள். அந்தப் பருவத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இவர்கள் எவரும் புரதக் கணக்குப் பார்த்து வாங்குபவர்களாகத் தெரியவில்லை.

தொழிற்கூடங்களோ சுவர்க்கோழியையும் மாவுப்புழுவையும் உலர்த்தி, அரைத்து, பல வேளைகளில் கொழுப்பையும் நீக்கி, பிஸ்கட்டிலும் பாஸ்தாவிலும் கலந்து, உண்பவருக்கு வேறுபாடே தெரியாது என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கின்றன. வேறுபாடு தெரியாத ஒன்றை ஒருவர் இரண்டாம் முறை எதற்காக வாங்க வேண்டும்? அந்த வேலையைப் பயறுகள் குறைந்த செலவில் செய்துவிடுகின்றனவே.

பூச்சி முதன்மையாக ஒரு சுவையூட்டி என்பதும், மிளகும் இஞ்சியும் இருக்கும் வரிசையில் வைக்க வேண்டியதை மாவு மூட்டைகளோடு அடுக்கிவிட்டார்கள் என்பதும் என் கருத்து. உடன்படாதவர்கள் தயங்காமல் எழுதுங்கள். பூச்சியல்லாத, ஆனால் அதே அளவுக்கு வழக்கத்துக்கு மாறான மணங்களைப் பற்றியும் எழுதலாம். அருவருப்பை மட்டும் தெரிவிக்கும் ஒற்றை வரிப் பதில்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை எங்கும் கிடைக்கின்றன.

கடுகு எழுதியது:

தும்பி அவர்களின் கருத்துக்கு மிக வலுவான சான்று தாய்லாந்தில் 'மேங் டா' எனப்படும் பெரிய நீர்ப்பூச்சி. உள்ளங்கையில் பாதியளவு இருக்கும் இந்தப் பூச்சியில் தசை மிகக் கொஞ்சம். வயிறு நிறைவதற்காக இதை உண்பவர் இருக்க முடியாது. இதன் மதிப்பு முழுவதும் ஆண் பூச்சியின் வயிற்றுப் பகுதியில் உள்ள இரண்டு மணச் சுரப்பிகளில் இருக்கிறது. அவற்றின் சுரப்பில் முதன்மையான சேர்மம் ட்ரான்ஸ்-2-ஹெக்ஸெனைல் அசிட்டேட். வேதியியலில் இது பழங்களின் மணத்துக்குக் காரணமான எஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால் முதன்முறை முகர்பவர்கள் பேரிக்காய், வாழைப்பழம், சிலர் இலவங்கப்பட்டை என்றுகூடச் சொல்கிறார்கள். பூச்சி என்று சொல்பவர் அரிது.

ஆண் பூச்சி பெண் பூச்சியைவிட அதிக விலைக்குப் போகிறது. மிளகாய், பூண்டு, மீன் சாறு ஆகியவற்றோடு ஒரு பூச்சியை இடித்துச் சேர்த்தாலே முழுத் துவையலும் மணந்துவிடுகிறது. இயற்கைப் பூச்சிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட பிறகு, செயற்கையாகத் தயாரித்த 'மேங் டா' வாசனைத் துளிகள் சிறு குப்பிகளில் வந்துவிட்டன. வெனிலாவுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு பொருளுக்குச் செயற்கைச் சாறு தயாரிக்கிறார்கள் என்றால் அதை மணத்துக்காகவே மக்கள் வாங்குகிறார்கள் என்று கொள்ளலாம். புரதத்துக்கு யாரும் செயற்கைச் சாறு தயாரிப்பதில்லை.

நிறுவை எழுதியது:

நான் உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றுபவன் என்பதால் எனக்கு எண்களின் பக்கம்தான் கண் போகும், பொறுத்தருள்க.

மேலே இருவரும் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் பருவத்தில் மட்டும் கிடைப்பவை, சிறிய அளவில் உண்ணப்படுபவை. தென் ஆப்பிரிக்கா, சிம்பாப்வே, போட்ஸ்வானா ஆகிய நாடுகளின் மோபானே புழுவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அது ஒரு பேரரசுப் பட்டுப்பூச்சியின் இளம்புழு. குடலைப் பிதுக்கி வெளியேற்றி, உப்பு நீரில் வேகவைத்து, வெயிலில் உலர்த்தி மாதக்கணக்கில் சேமித்து வைக்கிறார்கள். தக்காளியும் வெங்காயமும் சேர்த்துக் குழம்பாக்கிக் களியோடு உண்கிறார்கள். அது தொட்டுக்கொள்ளும் சுவையூட்டி அன்று. தட்டின் நடுவில் இருக்கும் உணவு. இறைச்சி வாங்க இயலாத வீட்டுக்கு அதன் புரதமும் இரும்பும் துத்தநாகமும் பொருட்டில்லை என்று நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதே நேரத்தில், விளம்பரங்களில் வரும் புரத எண்களை நான் அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. உணவில் உள்ள புரதத்தை நாங்கள் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறோம். பூச்சியின் ஓட்டில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் அது புரதம் இல்லை. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் முழுப் பூச்சிக்கு 4.76 என்ற பெருக்கெண்ணைப் பரிந்துரைத்தார்கள். அதன்படி பார்த்தால், 6.25 ஐக் கொண்டு 65 விழுக்காடு என்று அச்சிடப்பட்ட பொடியில் உள்ளபடி 50 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே புரதம் இருக்கும். அதுவும் நல்ல அளவுதான். ஆனால் பொட்டல அட்டையில் இருப்பது அதுவன்று.

கழிவுகளைத் தின்று புரதமாக்கித் தரும் என்ற கூற்றும் அப்படித்தான். கலிபோர்னியாவில் நடந்து 2015 இல் வெளியான ஆய்வொன்றில், கோழித் தீவனத்துக்கு நிகரான நல்ல தீனி பெற்ற சுவர்க்கோழிகள் வளர்ந்தன. வைக்கோல் போன்ற தாழ்ந்த தீனி பெற்றவை பெரும்பாலும் விற்பனை அளவுக்கு வளருமுன்பே இறந்துபோயின. ஆகவே புரதக் கட்சியிலும் ஓட்டை இருக்கிறது. என்றாலும் சுவைக் கட்சி அதனாலேயே வென்றுவிட்டதாக ஆகாது.

தும்பி எழுதியது:

நிறுவை அவர்களுக்கு நன்றி. மோபானே புழு நல்ல எதிர்வாதம். ஆனாலும், மோபானே மர இலைகளைத் தின்பதால் அந்தப் புழுவுக்கு ஏற்படும் இலைத் துவர்ப்பும், வெயிலில் உலர்த்துவதால் கூடும் ஆழ்ந்த கருவாட்டுச் சுவையும் அந்த உணவின் அடையாளங்கள். அதைப் பொடியாக்கி ரொட்டியில் மறைத்துத் தந்தால் அதே மக்கள் வாங்குவார்களா என்பதே என் கேள்வி. நடுவில் வைத்து உண்ணும் உணவுக்கும் சுவைதான் முதல் காரணமாக இருக்கலாம்.

ஆவாரை எழுதியது:

எறும்புகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் சுவைக்காக உண்ணப்படும் பூச்சிகளில் இவ்வளவு வேறுபாடு காட்டும் இனம் வேறில்லை.

பல எறும்புகள் தற்காப்புக்காக ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகின்றன. அந்த அமிலத்தின் புளிப்பு எலுமிச்சையின் புளிப்பைவிடக் கூர்மையானது. மூக்கிலும் ஏறும், நாவிலும் குத்தும். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் முசுறு எறும்புகளை உப்பு, இஞ்சி, பூண்டு, மிளகாயோடு அரைத்துச் செய்யும் 'காய் சட்னி' இந்தப் புளிப்பை நம்பியே நிற்கிறது. அதற்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடும் கிடைத்தது. புளியோ எலுமிச்சையோ சேர்க்காமல் ஒரு துவையல் புளிக்கிறது என்பதைக் கவனியுங்கள். கோபன்ஹேகனின் நோமா உணவகத்தைச் சேர்ந்த ரெனே ரெட்செப்பி, 2012 இல் லண்டனில் நடத்திய விருந்தில் எறும்புகளைக் குளிரூட்டி, உயிரோடு, முட்டைக்கோசு இலையின் மேல் வைத்துப் பரிமாறியபோது செய்தித்தாள்கள் அதை வேடிக்கையாக எழுதின. அதில் ஒரு சமையல் காரணம் உண்டு. எலுமிச்சை விளையாத குளிர்நாட்டில் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே சமைப்பது என்று முடிவெடுத்த ஒருவருக்குப் புளிப்பு எங்கிருந்து கிடைக்கும்? காட்டில் எறும்புப் புற்று இருந்தது.

பிரேசிலின் அலெக்ஸ் அட்டாலா, சாவோ பாவ்லோவில் உள்ள தம் உணவகத்தில் ஒரு துண்டு அன்னாசியின் மேல் ஒற்றை அமேசான் எறும்பை வைத்துப் பரிமாறிப் புகழ்பெற்றார். அந்த எறும்பில் எலுமிச்சைப் புல்லும் இஞ்சியும் மணக்கின்றன. அந்தச் சமையலில் புல்லும் இல்லை, இஞ்சியும் இல்லை.

மாறாக, தும்பி அவர்கள் குறிப்பிட்ட கொலம்பிய ராணி எறும்பில் புளிப்பைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். புதுக்கூடு அமைத்து முதல் குஞ்சுகளை வளர்க்கும்வரை தாங்குவதற்காக அது உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு புறப்படுகிறது. அந்தக் கொழுப்புதான் வறுக்கும்போது வறுகடலை மணமாக மாறுகிறது. ஆஸ்திரேலியப் பாலைநிலத்தின் தேன்குட எறும்பு மூன்றாவது வகை. கூட்டின் சேமிப்புக் கலமாக வயிறு உப்பித் தொங்கும் வேலைக்கார எறும்புகளை அங்குள்ள முதற்குடி மக்கள் தோண்டியெடுத்து, வயிற்றில் இருக்கும் இனிப்பை உறிஞ்சுகிறார்கள். புளிப்பு, கொழுப்பு, இனிப்பு ஆகிய மூன்றும் எறும்பு என்ற ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. 'பூச்சியின் சுவை' என்று பொதுவாகப் பேசுவது, 'செடியின் சுவை' என்று பேசுவதைப் போன்ற பொருளற்ற பேச்சு.

சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபார்மிக் அமிலம் எளிதில் ஆவியாகும். எனவே எறும்பைக் கொதிக்கவைத்தால் புளிப்பு குறையும். அதனால்தான் புளிப்பு எறும்பைப் பச்சையாக அரைக்கிறார்கள் அல்லது கடைசியில் தூவுகிறார்கள். கொழுப்பு எறும்பை வறுக்கிறார்கள்.

கடுகு எழுதியது:

ஆவாரை அவர்கள் உணவைச் சொன்னார். நான் பானங்களைச் சொல்கிறேன். என் கணிப்பில் பூச்சியின் உண்மையான ஆற்றல் அங்கேதான் வெளிப்படுகிறது, அதுவும் பூச்சியை உண்ணாமலேயே.

முதலில் எல்லோரும் அறிந்த மெஸ்கால் புழுவை முடித்துவிடுகிறேன், ஏனெனில் அதில் சுவை பற்றிச் சொல்ல அதிகமில்லை. மெக்சிகோவில் கற்றாழை வகையிலிருந்து வடிக்கும் அந்தச் சாராயத்தின் சில புட்டிகளில் ஒரு புழு கிடக்கும். டெக்கீலாவில் அது இருப்பதில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழங்கால வழக்கமென்று விற்கப்படும் இது 1950 வாக்கில் தொடங்கிய வணிக உத்தி. 2023 இல் வெளியான மரபணு ஆய்வில், புட்டிகளிலிருந்து எடுத்த புழுக்களில் இனம் காண முடிந்தவை அனைத்தும் கற்றாழையைக் குடையும் ஒரே வகை அந்துப்பூச்சியின் இளம்புழுக்கள் என்று தெரிந்தது. உண்மையில் சுவை கூட்டுவது புட்டியில் கிடக்கும் புழுவைவிட, அதே புழுவை வறுத்து, மிளகாயோடும் உப்போடும் பொடித்துப் பக்கத்தில் வைக்கும் புழு உப்புதான். புகையும் உமாமி என்னும் ஆழ்ந்த இறைச்சிச் சுவையும் கலந்த அந்த உப்புக்கு மாற்றில்லை.

இனி, எனக்குப் பிடித்த செய்தி. தைவானின் சிஞ்சு, மியாவ்லி பகுதிகளில் 'கீழை அழகி' என்று பெயர் பெற்ற ஊலாங் தேயிலை விளைகிறது. அதன் தேன் மணத்துக்குக் காரணம் ஒரு சின்னஞ்சிறு தத்துப்பூச்சி. கோடையில் அது தளிரிலிருந்து சாற்றை உறிஞ்சும்போது, தாக்குண்ட செடி தற்காப்புக்காக டெர்பீன் வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது. அவற்றுள் ஹோட்ரியெனால் முக்கியமானது. அந்தச் சேர்மங்களே காய்ந்து நொதித்த இலையில் தேனாகவும் பழுத்த பழமாகவும் மணக்கின்றன. பூச்சி கடிக்காத இலையில் இந்த மணம் வராது. எனவே விவசாயிகள் அந்தத் தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிப்பதில்லை. பூச்சி வர வேண்டும் என்று காத்திருக்கும் பயிர்த்தொழில் உலகில் எத்தனை இருக்கும்! டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவத் தேயிலையில் போற்றப்படும் மஸ்கட் திராட்சை மணத்திலும் தத்துப்பூச்சிக்கும் இலைப்பேனுக்கும் பங்குண்டு.

தென்மேற்குச் சீனாவின் குயிசோ, குவாங்சி பகுதிகளில் இன்னொரு படி மேலே போகிறார்கள். குறிப்பிட்ட சில மர இலைகளைக் குவித்து வைத்து, அந்துப்பூச்சியின் புழுக்களை அவற்றில் மேயவிட்டு, புழுக்களின் எச்சத்தைச் சலித்து, உலர்த்தி, வறுத்து, வெந்நீரில் இட்டுப் பருகுகிறார்கள். கேட்கும்போது முகம் சுளிக்கும். ஆனால் தேனீயின் வாயில் பலமுறை மாறி வந்த பூந்தேனைச் சுளிக்காமல் நக்கும் நமக்கு அதை ஏளனம் செய்யத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. கிரேக்கத்திலும் துருக்கியிலும் எடுக்கப்படும் பைன் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. பைன் மரச் சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரிக்கின்றன.

திராட்சை மதுவுக்கும் இதில் பங்குண்டு. ஈஸ்ட் இல்லாமல் மது இல்லை. கொடியில் திராட்சை இல்லாத குளிர்காலத்தில் அந்த ஈஸ்ட் எங்கே தங்குகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. குளவிகளின் குடலில் அது இலையுதிர் காலம் முதல் வசந்தம்வரை உயிரோடு இருப்பதையும், குளவிகள் தம் புழுக்களுக்கு ஊட்டும்போது அது அடுத்த தலைமுறைக்குச் செல்வதையும் இத்தாலிய ஆய்வாளர்கள் 2012 இல் காட்டினார்கள். மதுவின் மணங்களில் பெரும்பகுதி ஈஸ்ட் உண்டாக்குவது. தும்பி அவர்களின் வாதத்தை நான் இப்படித் திருத்துவேன்: பூச்சி சுவைப்பொருள் மட்டுமன்று, சுவையை உண்டாக்கும் வேலையாளும்கூட.

நாணல் எழுதியது:

பூச்சியல்லாத மணங்களையும் எழுதலாம் என்றதால், ஆறுகளில் அணை கட்டும் கொறிவிலங்கான பீவரைக் கொண்டுவருகிறேன். பீவரின் வாலடியில் உள்ள பைகளிலிருந்து எடுக்கும் காஸ்டோரியம் என்ற பொருளில் தோலும் வெனிலாவும் கலந்த மணம் உண்டு. "வெனிலா ஐஸ்கிரீம் எல்லாம் பீவரின் பின்புறத்திலிருந்து வருகிறது" என்ற செய்தி இணையத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது உலா வருகிறது. அது பொய். காஸ்டோரியத்தை உணவில் பயன்படுத்த அமெரிக்காவில் இசைவு உண்டு என்பது மெய். ஆனால் அதை எடுப்பதற்கு ஆகும் உழைப்பையும் செலவையும் பார்த்தால், மலிவான ஐஸ்கிரீமில் அது இருக்க வழியே இல்லை. அதில் இருப்பது குவையகால் என்ற வேதிப்பொருளிலிருந்தோ செடிகளுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை மரக்கூழிலிருந்து எடுத்தோ தொகுத்த வெனிலின் என்ற வெனிலா மணப்பொருள். காஸ்டோரியத்தை உண்மையாகவே சுவைக்க விரும்புபவர் ஸ்வீடனின் 'பேவர்ஹோய்ட்' என்ற சாராயத்தைத் தேட வேண்டும்.

மாட்டுச் சாணத்திலிருந்து வெனிலின் பிரித்தெடுத்ததற்காக ஜப்பானின் மாயு யமமோட்டோவுக்கு 2007 இல் விசித்திரமான ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு வழங்கினார்கள். அதுவும் லிக்னின் வேலைதான். மூலக்கூறுக்குப் பிறப்பிடம் தெரியாது; நமக்குத்தான் தெரிகிறது.

வேம்பு எழுதியது:

நான் சைவ உணவினள். இந்த உரையாடலை ஆர்வத்தோடுதான் படித்துவருகிறேன். ஆனால் உங்களில் எவரும் என்னைப் போன்றவர்களின் சிக்கலைத் தொடவில்லை. நாங்கள் பூச்சியைத் தேடிப் போகாவிட்டாலும் பூச்சி எங்களைத் தேடி வருகிறது.

சப்பாத்திக்கள்ளியில் வாழும் கோச்சினீல் என்ற செதில் பூச்சியை உலர்த்தி எடுக்கும் செந்நிறச் சாயம் ஐரோப்பிய உணவு அட்டைகளில் ஈ120 (E120) என்ற எண்ணாக இருக்கும். ஒரு கிலோ உலர்ந்த கோச்சினீலுக்கு ஏறத்தாழ 1,50,000 பூச்சிகள் வேண்டும். பெரும்பகுதி பெருவிலிருந்து வருகிறது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் தன் ஸ்ட்ராபெரி பானத்தில் இதைப் பயன்படுத்தியது தெரியவந்து எதிர்ப்பு எழுந்தபின், 2012 இல் தக்காளியின் சிவப்பு நிறமியான லைக்கோபீனுக்கு மாறியது. மிட்டாய்களுக்கும் சில மாத்திரைகளுக்கும் பளபளப்பூட்டும் ஈ904 என்பது அரக்குப் பூச்சியின் சுரப்பு. இவற்றில் சுவை எதுவும் இல்லை. சுவைக்காகப் பூச்சியை உண்பவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. சுவையே இல்லாத இடத்தில், கேட்காத ஒருவரின் வாயில், எண் மறைவில் அதை வைப்பதற்கு எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை. அமெரிக்காவில் கோச்சினீலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2009 இல் வந்து 2011 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் காரணம் சைவர்கள் அல்லர், கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டவர்கள்.

சீரகன் எழுதியது:

வேம்பு அவர்களே, இதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேட்டின்படி, 100 கிராம் சாக்லேட்டில் பூச்சித் துணுக்குகளின் சராசரி 60 ஐ எட்டினால்தான் நடவடிக்கை. பீருக்கான ஹாப்ஸ் பூவில் 10 கிராமுக்கு 2,500 அசுவினிகள்வரை பொறுத்துக்கொள்கிறார்கள். ஆக எல்லோரும் ஏற்கெனவே பூச்சி உண்பவர்களே. அருவருப்பு வெறும் மனப்பழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நிறுவை எழுதியது:

சீரகன் சொன்ன எண்கள் சரி. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியில்லை. அந்த வரம்புகள் அறுவடையில் தவிர்க்க இயலாத கலப்புக்கானவை. தெரியாமல் விழுங்கியதைக் காட்டி, "ஆகவே தெரிந்தும் விழுங்கு" என்று சொல்வது வாதமாகாது. காற்றில் தூசு இருக்கிறது என்பதற்காக எவரும் தூசு தின்பதில்லை.

அருவருப்பு அவ்வளவு எளிதில் கலையக்கூடியதும் அன்று. உளவியலாளர் பால் ரோசினும் உடன் பணியாற்றியவர்களும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியை ஒரு கோப்பைப் பழச்சாற்றில் சற்றே அமிழ்த்தி எடுத்தார்கள். கிருமி இல்லை என்று அறிந்தும் பங்கேற்றவர்கள் அந்தச் சாற்றைப் பருக விரும்பவில்லை; அதே வகைச் சாற்றைப் புதிதாகக் கொடுத்தபோதும் அவர்களுடைய விருப்பம் குறைந்திருந்தது. விவரம் சொல்லி இதை வெல்ல முடியாது. இந்த ஒரு இடத்தில் தும்பி அவர்களின் பக்கம் சாய்கிறேன்: பொடியாக்கி மறைப்பவர்கள் அருவருப்பை ஒத்திவைக்கிறார்களே ஒழிய நீக்குவதில்லை, அட்டையைப் படித்ததும் அது திரும்பி வந்துவிடும். நல்ல சுவை ஒன்றை நாவு ஒருமுறை அறிந்துகொண்டால் அதற்குப் போட்டியாக நிற்க ஏதாவது இருக்கும்.

சீரகன் எழுதியது:

அப்படியானால் சார்டினியத் தீவின் 'காசு மார்சு' பாலாடைக்கட்டியை என்ன சொல்வீர்கள்? ஆட்டுப்பால் கட்டியில் ஈக்கள் முட்டையிட, புழுக்கள் கொழுப்பைச் சிதைத்து, உள்ளே குழைவாக்கிவிடுகின்றன. உண்பவர்கள் புழுவோடு உண்கிறார்கள். புழுக்கள் 15 சென்டிமீட்டர் தூரம் துள்ளும் என்பதால் ரொட்டியைக் கையால் மறைத்துக்கொள்கிறார்கள். சட்டப்படி விற்க முடியாது, ஆனாலும் விரும்பி உண்கிறார்கள். ஜெர்மனியின் வூர்ச்விட்ஸ் ஊரில் பூச்சிகளைக் கொண்டே பாலாடைக்கட்டியைப் பக்குவப்படுத்துகிறார்கள்.

ஆவாரை எழுதியது:

வூர்ச்விட்ஸில் பயன்படுபவை பூச்சிகள் அல்ல, எட்டுக்காலுள்ள சிற்றுண்ணிகள், சிலந்தியின் உறவினங்கள். தயிர்க்கட்டி உருண்டைகளை மரப்பெட்டியில் உண்ணிகளோடு மாதக்கணக்கில் வைத்து, அவை கட்டியை முழுவதும் தின்றுவிடாமல் இருக்கக் கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவைத் தூவுகிறார்கள். உண்ணிகளின் சுரப்பில் உள்ள நெரால் என்ற சேர்மம் எலுமிச்சை மணம் தருகிறது. பிரான்சின் மிமோலெட் கட்டியின் புறத்தோலிலும் இத்தகைய உண்ணிகள் உண்டு. 2013 இல் அவற்றின் எண்ணிக்கையைக் காரணம் காட்டி அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடுத்தது. இங்கும் பெரும் வேலை செய்வது உயிரினத்தின் நொதிகளும் சுரப்புகளுமே.

நிறுவை எழுதியது:

சுவையைப் பேசும் ஆர்வத்தில் பாதுகாப்பு விடுபட்டுவிட்டது. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் பூச்சியை உண்ணவே கூடாது. இறாலின் தசையில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் பூச்சியிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கிறது. வேகவைப்பதாலோ வறுப்பதாலோ அது நம்பத்தக்க அளவில் அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தான் இசைவு அளித்த பூச்சி உணவுகளின் அட்டையில் இந்த எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

காட்டிலும் வயலிலும் பிடிக்கும் பூச்சிக்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை முகர்ந்து அறிய முடியாது. மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து வந்த வறுத்த வெட்டுக்கிளிகளில் ஈயம் மிகுந்திருப்பதாகக் கலிபோர்னிய நலத்துறை 2003 இல் எச்சரித்தது. பூச்சிக்கொல்லி தெளித்த வயலின் வெட்டுக்கிளிக்கும் இதே அச்சம் பொருந்தும். ஆகவே பண்ணையில் வளர்த்ததை, உணவுக்கென்றே விற்பதை வாங்குங்கள். கால்நடைத் தீவனமாகவோ மீன் தூண்டில் இரையாகவோ விற்கும் புழுவை உண்ண வேண்டாம்.

தும்பி எழுதியது:

நிறுவை அவர்களின் அறிவுரை சரியானது. ஆனால் அந்த அறிவுரைக்குள்தான் என் மனக்குறையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் மஞ்சள் மாவுப்புழுவுக்கும் புலம்பெயர் வெட்டுக்கிளிக்கும், 2022 இல் வீட்டுச் சுவர்க்கோழிக்கும், 2023 இல் சிறு மாவுப்புழுவுக்கும் இசைவு அளித்தது. சிங்கப்பூர் 2024 இல் 16 வகைகளுக்கு இசைவு அளித்தது. இந்தப் பட்டியல்களில் எறும்பு இல்லை, நீர்ப்பூச்சி இல்லை. பெட்டியில் நெருக்கமாக வளர்வது, எளிதில் கிடைக்கும் தீனியை ஏற்பது, விரைவில் பெருகுவது என்ற தகுதிகளால் தேர்வானவையே பெரும்பாலும் உள்ளே வந்தன. அவற்றின் மணம் மென்மையானது. ஒரே தீனியில் வளர்வதால் அந்த மென்மையும் ஒரே மாதிரியாகிவிடுகிறது. பின்னர் அதையே உண்டு பார்த்தவர்கள், "பூச்சிக்குப் பெரிதாகச் சுவை ஒன்றும் இல்லை" என்கிறார்கள்.

பண்ணையிலேயே தீனியை மாற்றிச் சுவையை மாற்ற முடியுமா என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி. அறுவடைக்கு முந்தைய நாள்களில் துளசியோ ஆரஞ்சுத் தோலோ கொடுத்தால் மணம் ஏறுமா? யாரேனும் முயன்றிருந்தால் எழுதுங்கள்.

கடுகு எழுதியது:

தீனியின் தாக்கம் நிச்சயம் உண்டு, ஆனால் பெரும்பாலான பண்ணைகளில் நேர்மாறாகச் செய்கிறார்கள். கொல்வதற்கு முன் ஒரு நாள் அளவுக்குப் பட்டினி போட்டுக் குடலை வெறுமையாக்குவது வழக்கம். குடலில் தங்கிய தீனி கசப்பையும் கிருமியையும் கொண்டுவரும் என்பதே காரணம். ஆகவே நீங்கள் கடைசி நாள்களில் கொடுக்கும் துளசி குடலில் இருந்தால் போய்விடும். கொழுப்பில் கரைந்து தங்கினால்தான் நிற்கும். எண்ணெயில் கரையும் மணங்களோடு முயல்வது நல்லது.

என்னைக் கேட்டால், மென்மையான பூச்சிக்குச் சரியான வழி நொதிக்கவைப்பது. கோபன்ஹேகனின் நார்டிக் உணவு ஆய்வகத்தில் வெட்டுக்கிளியையும் மெழுகு அந்துப்பூச்சியின் புழுவையும் உப்போடும், பூஞ்சை வளர்த்த பார்லியோடும் சேர்த்து, வெதுவெதுப்பான சூட்டில் வாரக்கணக்கில் வைத்து, மீன் சாற்றைப் போன்ற ஒரு திரவத்தை எடுத்தார்கள். பூஞ்சையின் நொதிகள் புரதத்தை அறுத்துக் குளுட்டமிக் அமிலத்தை விடுவிக்கின்றன; அதுதான் உமாமி. புரதக் கட்சிக்கும் சுவைக் கட்சிக்கும் இதைவிட நல்ல சமாதானம் எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் புரதம்தான் இங்கே சுவையாகிறது.

நாணல் எழுதியது:

நடைமுறைக் கேள்வி ஒன்று. உணவுக்கென்று விற்கும் வறுத்த சுவர்க்கோழிகளும் வேகவைத்து உலர்த்திய பட்டுக் கூட்டுப்புழுவும் என்னிடம் இருக்கின்றன. சுவர்க்கோழி நன்றாகவே இருக்கிறது. கூட்டுப்புழுவில் பழைய வண்ணப்பூச்சின் நெடி அடிக்கிறது. அதன் இயல்பான மணமே இதுதானா, அல்லது கெட்டுவிட்டதா?

ஆவாரை எழுதியது:

பட்டுக் கூட்டுப்புழுவுக்கு இயல்பாகவே சற்றுக் கனத்த, மண்ணும் வைக்கோலும் கலந்த மணம் உண்டு. கொரியாவில் தெருவோரம் அதை வேகவைக்கும்போது தொலைவிலிருந்தே தெரியும். ஆனால் நீங்கள் சொல்லும் நெடி வேறு. அதன் கொழுப்பில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் மிகுதி; ஆளி விதை எண்ணெயிலும் அதுவே மிகுதி, வண்ணப்பூச்சுக்குப் பயன்படுவதும் அந்த எண்ணெய்தான். காற்றும் வெளிச்சமும் பட்டால் இரண்டும் ஒரே மாதிரி சிக்குப் பிடிக்கும். உங்களிடம் இருப்பது சிக்குப் பிடித்தது; மீண்டும் வறுத்தாலோ மசாலா சேர்த்தாலோ சரியாகாது, எறிந்துவிடுங்கள். அடுத்த முறை சிறிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் உறைபெட்டியில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் எடுத்து வறுத்துக்கொள்ளுங்கள். சுவர்க்கோழியையும் அதே பெட்டியில் வைக்கலாம், ஆனால் தனி டப்பாவில். கூட்டுப்புழுவின் மணம் பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் ஏறிவிடும்.